காத்த அன்பும் பிரித்த தூரமும்

பிள்ளையைக் காக்க முனையும் அன்பே சில வேளை பிள்ளையை நம்மிடமிருந்து பிரித்துவிடுவதுண்டு. இத்தாலிய நாடக மேடையின் புகழ்மிகு நடிகை எலியனோரா டூசே (1858–1924) ஊர் ஊராய் அலைந்த நாடகக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே மேடையேறியவர். தாம் பட்ட பாடு மகளுக்கு வேண்டாமென எண்ணினார் போலும். 1882-இல் பிறந்த என்ரிக்கேத்தாவை மேடைக்கு எட்டாத தொலைவில், விடுதிப் பள்ளிகளில் வளர்த்தார். தாயின் கண்ணீர் நடிப்பை ஐரோப்பாவே கண்டது. மகளுக்கோ பெரும்பாலும் கடிதங்களே கிட்டின. மகள் மணமுடித்து இங்கிலாந்தில் குடியேறிய பின்னரும் அத்தூரம் குறையவில்லை. 1924-இல் நாடகப் பயணத்தின் நடுவே, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தாய் கண்மூடினார்.

நாமும் பிள்ளைகளின் நலன் கருதியே அவர்களை விடுதிக்கு அனுப்புகிறோம். வளர்ந்த மகள் விடுமுறையில் விருந்தாளிபோல் கூடத்தில் அமரும்போதே அதன் விலை நமக்குப் புலப்படுகிறது. அவள் அருகே நாம் சற்று அமர்வோம். அறிவுரை பிறகாகட்டும், முதலில் அவள் பேசட்டும்.