இடிக்கும் முன் ஒரு படம்

பாளையம்பட்டியில் தாத்தா கட்டிய மாடி வீட்டை மறுநாள் இடிக்கிறார்கள். கடைசியாக ஒரு படம் எடுக்க, அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பேரன் வந்தார். தெரு குறுகல், கேமராவை அண்ணாந்து பிடித்தால் வீடு பின்னால் சாய்ந்து தெரியும். அதனால் 24 மி.மீ. ஷிப்ட் லென்ஸை வாடகைக்கு எடுத்திருந்தார். கேமரா நேராக நிற்க, லென்ஸ் மட்டும் மேலே நகரும்.

முதல் படத்தில் சுண்ணாம்புச் சுவர் வெளிறிப்போனது. லென்ஸ் நகர்ந்ததும் ஒளி சாய்வாக விழ, டிஎஸ்எல்ஆர் கேமராவின் மீட்டர் ஏமாந்துவிடும். லென்ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஒளியை அளந்தார். மேனுவலில் அந்த அளவை அப்படியே வைத்துவிட்டு, பிறகுதான் மேலே நகர்த்தினார். ஹிஸ்டோகிராமையும் ஒருமுறை சரிபார்த்தார்.

திரையைப் பார்த்த அம்மா திண்ணையைத் தடவியபடி சொன்னார்: “வீடு நிமிந்து நிக்குதுய்யா.”