எனக்கு ராட்டினம் பிடிக்கும்... அதுக்கு இப்ப என்னாங்கறீங்க?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. சிறுசேரி ஆபீஸ் கேன்டீன்ல வழக்கமான நாலு பேர் கூட்டணி. சாம்பார் சாதத்துல உருளைக்கிழங்கைத் தேடிக்கிட்டே வீக்கெண்ட் ப்ளான் ஓடிட்டு இருந்துச்சு. சேலத்துக்காரன் ஏற்காடுன்னான். கும்பகோணத்து நண்பர் கோயில்னார். திருநெல்வேலிக்காரன் தூக்கம்னான் (நேர்மையான மனுஷன்).

நான் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "திருப்போரூர் பக்கம் வொண்டர்லா போலாமா? போன டிசம்பர்லதானே திறந்தாங்க"ன்னுட்டேன்.

அவ்ளோதான். மூணு பேரும் சாப்பாட்டை விட்டுட்டு என்னைய சாப்பிட ஆரம்பிச்சாங்க. இருபத்தெட்டு வயசு ஆம்பளை, இஞ்சினியரிங் முடிச்சவன், வீட்ல பொண்ணு வேற பாக்குறாங்க, இவன் ராட்டினம் ஆடப் போறானாம். அன்னியிலருந்து டீம்ல என் பேரு 'ராட்டினம்'. மேனேஜர் வரைக்கும் பரவிடுச்சு.

சரி, எனக்குப் பிடிச்சதை எனக்கே ஒரு தடவ விளக்கிப் பாத்துக்கலாம்னுதான் இதை எழுதறேன். அவங்க என் மேல வச்ச குற்றச்சாட்டு மூணு.

ஒண்ணு, இது சின்னப் புள்ளைங்க சமாச்சாரம்.
ரெண்டு, காசு குடுத்து யாராவது பயப்படுவாங்களா?
மூணு, எல்லாமே செயற்கை. "உங்க ஊர்லயே ஒகேனக்கல் இருக்கு, அதை விட்டுட்டு சிமெண்ட்டுல கட்டுன அருவில குளிக்கறே."

பதிலுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊர் பென்னாகரம் பக்கம். தைப்பூசத்துக்கு தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலுக்குப் போவோம். அங்க பொம்பளைங்க மட்டுமே வடம் பிடிச்சு இழுக்குற தேர் ஒண்ணு உண்டு. எங்கம்மாவும் கூட்டத்தோட கூட்டமா வடத்தைப் பிடிக்கப் போயிடும். அந்த நேரம் எனக்கு ராட்டினம். தொட்டில் ராட்டினம்னா மரத்துல நாலு பெட்டி, அவ்ளோதான். மோட்டார் கிடையாது. ரெண்டு அண்ணனுங்க கையாலயே தள்ளுவாங்க. ஒரு பெட்டி மேல போயி கீழ வர்றப்போ வயித்துக்குள்ள ஏதோ ஒண்ணு நழுவும் பாருங்க, அது என்னான்னு அன்னிக்குத் தெரியாது. ஆனா இன்னொரு தடவ வேணும்னு மட்டும் தெரியும்.

நாலாவது படிக்கிறப்போ ஸ்கூல்ல மெட்ராஸ் டூர். தாம்பரம் பக்கத்துல 1995-ல ஆரம்பிச்ச கிஷ்கிந்தாவும் லிஸ்ட்ல இருந்துச்சு. இந்தியாவோட முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த அப்பச்சன் கட்டுனதுன்னு பின்னாடி தெரிஞ்சிக்கிட்டேன். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், வீட்ல காசு இல்ல. அந்த வருஷம் போர்ல தண்ணி காத்தா வந்துட்டு இருந்துச்சு. அப்பா பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவார். டூர் பஸ் கிளம்புறப்போ நான் ஆட்டை ஓட்டிக்கிட்டு ரோட்டோரம் நின்னேன். கை காட்டுனாங்க, நானும் காட்டுனேன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல.

இப்ப குற்றச்சாட்டுக்கு வருவோம்.

சின்னப் புள்ளைங்க சமாச்சாரமா?

பனிக் காலத்துல பெரிய மரச் சாரம் கட்டி, அது மேல ஐஸை உறைய வச்சு, அதுல சறுக்கி விளையாண்டவங்க ரஷ்யாக்காரங்க. ஆடுனது குழந்தைங்க இல்ல, பெரியவங்க, அரச குடும்பம் உட்பட. பிரெஞ்சுக்காரங்க இன்னிக்கும் ரோலர் கோஸ்டருக்கு வச்சிருக்கற பேரு 'ரஷ்ய மலைகள்'. 1884-ல நியூயார்க் கோனி தீவுல தாம்சன்ங்கறவர் ஒரு ரயில் விட்டார். டிக்கெட் 5 சென்ட், வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். நம்ம ஊர் டவுன் பஸ்ஸே முந்திடும். ஆனா கோட்டும் தொப்பியும் போட்ட பெரிய மனுஷங்க வரிசையில நின்னாங்க. 1893-ல சிகாகோ கண்காட்சியில ஃபெர்ரிஸ் நிறுத்துன சக்கரம் 264 அடி உயரம், 36 பெட்டி. அவரும் இஞ்சினியர்தான். பாலம் கட்டுற கணக்கை வச்சு ராட்டினம் செஞ்ச ஆளு. அவரை யாரும் 'ராட்டினம்'னு கூப்பிட்டாங்களான்னு மட்டும் தெரியல :-)

காசு குடுத்து பயமா?

இதுதான் முக்கியமான கேள்வி. திருநெல்வேலிக்காரன் கேட்டது. என் பதில், ஆமாய்யா, காசு குடுத்துதான். ஏன்னா எனக்குத் தெரிஞ்ச மத்த பயம் எல்லாம் ஓசில வந்தது.

மழை வருமா வராதாங்கற பயத்துக்கு முடிவு நேரம் கிடையாது. வட்டிக்காரர் சனிக்கிழமை வருவாரா ஞாயித்துக்கிழமை வருவாராங்கற பயத்துக்கும் கிடையாது. அப்பா எட்டாவது மாடிச் சாரத்துல நிக்கிறப்போ ராத்திரி போன் வரலைன்னா அம்மா வாசப்படில உக்காந்திருக்குமே, அந்தப் பயம் எத்தன மணிக்கு முடியும்னு யாரும் போர்டு எழுதி மாட்டல.

ராட்டினத்துல மாட்டியிருக்காங்க. ரெண்டு நிமிஷம்.

ரோலர் கோஸ்டர் மேல ஏறுறப்போ 'டக் டக் டக்'னு ஒரு சத்தம் வரும். கேக்கறவனுக்கு வயிறு கலங்கும். உண்மையில அது நம்மளக் காப்பாத்துற சத்தம். சங்கிலி அறுந்தாக்கூட வண்டி பின்னாடி உருளாம ஒரு கொக்கி பல்லுக்குப் பல் விழுந்துட்டே வருது. உச்சிக்குப் போனப்புறம் பெரும்பாலான வண்டில மோட்டார் வேலையே கிடையாது. ஏத்தி விட்ட உயரம்தான் மிச்ச தூரத்துக்கு பெட்ரோல். பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல நிலையாற்றல் இயக்க ஆற்றலா மாறும்னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான். சக்கரம் தண்டவாளத்துக்கு மேல மட்டும் இல்ல, பக்கவாட்டுலயும் அடியிலயும் இருக்கும். அடியில சக்கரம் வைக்கிற யோசனைக்கு 1919-லயே ஜான் மில்லர் பேட்டன்ட் வாங்கிட்டார். தலைகீழா சுத்துற அந்த வளையத்தைப் பாருங்க, சரியான வட்டமா இருக்காது. கண்ணீர்த் துளி மாதிரி மேல குறுகி இருக்கும். ஆரம்பத்துல நிஜ வட்டமா கட்டி, உள்ள நுழையறப்போ கழுத்தைப் பதம் பாத்துடுச்சு. 1976-ல வெர்னர் ஸ்டெங்கல்ங்கற ஜெர்மன் இஞ்சினியர் கலிபோர்னியா 'ரெவல்யூஷன்'ல கணக்கை மாத்திப் போட்டார். அதுக்கப்புறம்தான் தலைகீழா சுத்துறது சகஜமாச்சு.

நம்ம பொழப்பு சாஃப்ட்வேர்ங்கறதால எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. தண்டவாளத்தைத் துண்டு துண்டா பிரிச்சிருப்பாங்க. ஒரு துண்டுல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான். முன்னாடி போன வண்டி துண்டைக் காலி பண்ணலைன்னா, பின்னாடி வர்ற வண்டியை பிரேக் பிடிச்சு நிறுத்திடும். நாம கோட்ல 'லாக்' போடுறோமே, அதேதான். நாம போடுற லாக் சொதப்புனா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். அங்க சொதப்பவே கூடாது.

அதாவது நான் கத்துறதுக்கு முன்னாடியே, முகம் தெரியாத ஒருத்தர் எங்கயோ உக்காந்து என் கழுத்துக்கு எவ்ளோ பாரம் தாங்கும்னு யோசிச்சிருக்கார். எங்கப்பா ஏறுன சாரத்துக்கு யாரும் அப்படி உக்காந்து கணக்குப் போட்டதில்ல. கயிறும் சவுக்குக் கம்பும் கடவுளும்தான்.

எல்லாமே செயற்கையா?

ஒகேனக்கல் அழகுதான். எங்க ஊர்லருந்து கூப்பிடு தூரம். பரிசல்ல போயிருக்கேன், எண்ணெய் தேச்சுக் குளிச்சிருக்கேன், மீன் வறுவலுக்காகவே போயிருக்கேன். ஆனா காவிரில தண்ணி கூடுனா பரிசலையும் குளியலையும் கலெக்டர் ஏன் தடை பண்றார்? ஆத்துக்கு நம்மளத் தெரியாதுங்க. நீந்தத் தெரிஞ்சவன், தெரியாதவன், ஒத்தப் புள்ள, எதையும் அது பாக்காது.

இன்னொரு விஷயமும் சொல்லணும். எங்க பக்கம் நிலத்தடித் தண்ணில ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தாண்டுன தண்ணியைச் சின்ன வயசுலருந்து குடிச்சா பல்லு காவி ஏறிடும், முத்துனா எலும்பையும் பாதிக்கும். எங்கம்மா பல்லு அப்படித்தான். அதனால அம்மா சிரிச்சா முந்தானை வாய்க்குப் போயிடும். கல்யாண போட்டோவுலருந்து என் காலேஜ் பட்டமளிப்பு போட்டோ வரைக்கும் வாயை மூடித்தான் இருக்கும். பத்து மைல்ல காவிரி ஓடுது, நாங்க போர்த் தண்ணி குடிச்சோம். ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் முடிஞ்சு தொடங்கி வச்சது 2013-ல. குழாய், பம்பு, சுத்திகரிப்பு நிலையம், எல்லாமே செயற்கை. என் தங்கச்சி மக சிரிச்சா பல்லு வெள்ளையா பளிச்சுன்னு இருக்கும். எனக்கு செயற்கை மேல கோவமே வர மாட்டேங்குது நண்பர்களே.

இப்ப கடைசியா, அந்த மூணு பேர்கிட்டயும் சொல்லாம விட்ட கதை.

2010 மே. ஏழாவது லீவு. அப்பாவுக்கு மைசூர் ரோடு பக்கம் வேலை. ஒரு நாள் போன் பண்ணி, "அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிட்டு பெங்களூர் வந்துடு சாமி"ன்னார். எதுக்குன்னு சொல்லல. மறுநாள் பிடதில 2005-ல ஆரம்பிச்ச வொண்டர்லா வாசல்ல எங்களை நிறுத்துனார். நாலாவதுல கை காட்டிட்டு நின்னதை நான் அவர்கிட்ட சொன்னதே இல்ல. யார் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கல.

அப்பா எதுலயும் ஏறல. "தெனமும் சாரத்துல தொங்குறவன், எனக்கு எதுக்குடா இது"ன்னு எங்க செருப்பு, கட்டைப்பை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு கீழ நின்னார். பாப்பா அடம் பிடிச்சு அம்மாவை மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடுற கப்பல்ல ஏத்திடுச்சு. புடவைக்கு ஊக்கு குத்தி, கம்பியை இறக்கி விட்டாங்க.

எங்கம்மா சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. அப்பா பேரைச் சொல்லியும் கேட்டதில்ல. ரேஷன் கடையில குடும்பத் தலைவர் பேரைக் கேட்டா என் முதுகைத் தட்டும், நான்தான் சொல்லணும்.

கப்பல் மெதுவா ஆடுச்சு. மூணாவது வீச்சுல மேல போயி ஒரு நொடி நின்னுச்சு. உடம்புல எடையே இல்லாத அந்த நொடி. அங்கருந்து விழ ஆரம்பிச்சப்போ அம்மா ரெண்டு கையும் கம்பில. வாயை மூட கை இல்ல. முந்தானைக்கும் வழி இல்ல.

கத்துச்சு பாருங்க. அப்பா பேரைச் சொல்லி!

முழுப் பேரு. அதுக்கு முன்னாடி ஒரு 'டேய்' இருந்துச்சுன்னு பாப்பா இன்னிக்கும் சத்தியம் பண்ணுது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தடவ. கீழ அப்பா ரெண்டு கையிலயும் செருப்போட அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறார். பக்கத்துல இருந்தவங்க சிரிக்கிறாங்க. அவருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கடைசில செருப்பு இருந்த கையையே தூக்கி ஆட்டுனார்.

இறங்கி வந்து அம்மா ஒரு பெஞ்சுல உக்காந்து சிரிச்சுச்சு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. கை மடியிலேயே இருந்துச்சு, வாய்க்குப் போகல. அம்மா பல்லு முழுசா வெயில்ல தெரிஞ்சதை நான் பாத்தது அன்னிக்குத்தான். எங்ககிட்ட கேமரா இல்ல.

பதினஞ்சு வருஷத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்த பயத்தை எல்லாம் ரெண்டு நிமிஷத்துல கத்தித் தீத்துடுச்சுன்னு கதை விட மாட்டேன். மறுநாள் பஸ்ல திரும்பறப்போ அம்மா பழையபடி அமைதி. வட்டிக்காரரும் அந்த வாரம் வந்தார். ஆனா அம்மாவுக்குள்ள அப்படி ஒரு சத்தம் இருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும்.

அதனாலதான் நான் போறேன். உயிருக்கு ஆபத்து இல்லாம, மானம் போகாம, யாரு வேணா வாயத் தொறந்து கத்தலாம்னு அனுமதி குடுக்குற இடம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

கண்ணை மூடிக்கிட்டும் போறதில்ல. ஒரு திருவிழாவுல, ஊரு வேண்டாம், போல்ட் இருக்க வேண்டிய இடத்துல கம்பி முறுக்கி வச்சிருந்ததைப் பாத்துட்டு டிக்கெட்டோட இறங்கி வந்திருக்கேன். கணக்கை மதிக்காத இடத்துல ஏறுனா அது ஓசி பயத்தை விட மோசம்.

இதை எல்லாம் திங்கக்கிழமை கேன்டீன்ல பாதி சொன்னேன். அம்மா கதை மட்டும் தொண்டையில நின்னுடுச்சு. சேலத்துக்காரன் சரி வர்றேன்னுட்டான். திருநெல்வேலிக்காரன் இன்னும் தூக்கம்தான். கும்பகோணத்து நண்பர் கை கழுவுற இடத்துல பின்னாடியே வந்து, "வயசானவங்களை விடுவாங்களா அங்க?"ன்னு கேட்டார். யாருக்குன்னு அவர் சொல்லல, நானும் கேக்கல.

பி.கு: சித்திரைக்கு அப்பா அம்மா சென்னை வர்றாங்க. டிக்கெட் போட்டாச்சு. இந்தத் தடவ செருப்பை லாக்கர்ல வச்சுக்கலாம், அப்பாவும் ஏறியே ஆகணும்னு சொல்லிட்டேன். "உங்கம்மா எம்பேரைச் சொல்றதா இருந்தா ஏறுறேன்"ங்கறார். போனுக்கு அந்தப் பக்கம் அம்மா திட்டுறது கேட்டுச்சு. பேரு சொல்லாமத்தான் :-)