கரிந்த மரத்தில் துளிர்த்த பசுமை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாந்தா குரூஸ் மலைத்தொடரில் அமைந்துள்ளது பிக் பேசின் ரெட்வுட் மாநிலப் பூங்கா. 1902-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட இதுவே அம்மாநிலத்தின் முதல் மாநிலப் பூங்காவாகும். ரெட்வுட் என்பது நம் ஊர்ச் செம்மரம் அன்று. ஏறத்தாழ 300 அடி உயரம் வளர்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஊசியிலை மரம்.

2018-இல் மகனுடன் நானும் என் மனைவியும் அங்கே கூடாரமிட்டு ஓர் இரவு தங்கினோம். விடியற்காலைக் குளிரில் சால்வையைப் போர்த்தியபடி மரங்களை அண்ணாந்து பார்த்த அவள், "ராஜகோபுரத்துக்கு அடியில் நிற்கிற மாதிரி இருக்குங்க" என்றாள்.

2020 ஆகஸ்டு மாதம், மின்னலால் மூண்ட காட்டுத்தீ பூங்காவின் 97 விழுக்காட்டுக்கும் அதிகமான பகுதியை எரித்தது. மரத்தாலான பழைய தலைமையகக் கட்டடமும் சாம்பலாயிற்று. மறு ஆண்டு என் மனைவியும் இறைவனடி சேர்ந்தாள்.

2024-இல் மகன் மீண்டும் அழைத்தபோது, "எரிந்த காட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று மறுத்தேன். "ஒரு தடவை வந்து பாருங்கள், அப்பா" என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றான்.

பல வகை மரங்கள் பட்டுப்போய் நின்றன. ஆனால் முதிய ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. கரிய அடிமரத்தைச் சுற்றிலும் பசுந்துளிர்கள் அடர்ந்திருந்தன. தடித்த பட்டை தீயைத் தாங்க, அதனடியில் நெடுங்காலமாக உறங்கிய மொட்டுகள் விழித்துக்கொள்கின்றனவாம். இலையே இல்லாத மரத்துக்கு உணவு ஏது? பல பத்தாண்டுகளுக்கு முன் சேமித்து வைத்த சர்க்கரையைக் கொண்டே இம்மரங்கள் துளிர்த்தன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருடைய வைப்புத்தொகைகளைக் கணக்கிட்டவன் நான். என்னிடம் உள்ள இருப்பை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவள் சேர்த்து வைத்துச் சென்ற அன்பு சிறிதும் குறையாமல் இருந்தது. அடிமரத்தில் கை வைத்துக் கண்மூடி நின்றேன். உள்ளங்கையில் கரி ஒட்டியது. துடைக்க மனம் வரவில்லை.

பிள்ளைகளைக் காண அங்கே செல்லும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: கார் நிறுத்தும் இடத்துக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. நான் சென்றபோது கூடாரமிட்டுத் தங்க வசதி இல்லை. பகலில் சென்று திரும்பலாம். முதிய மரங்களைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். சமதளமானது, முழங்கால் வலி உள்ளவர்களும் மெல்ல நடக்கலாம். நிழல் குறைந்துவிட்டதால் தொப்பியும் தண்ணீரும் அவசியம். அவசரப்படாமல், ஒவ்வொரு மரத்தடியிலும் சற்று நின்று அண்ணாந்து பாருங்கள்.