எழுத இடமில்லாத வட்டு

நமது பைத்துல்மாலின் வட்டியில்லாக் கடன் கணக்குகள் ஒரு மெய்நிகர்க் கணினியில் இருக்கின்றன. தவணை கட்டி ரசீது பெற்றவரின் தொகை வட்டில் எழுதப்படாமல் போனால், அவர் ஏட்டில் கடனாளியாகவே நிற்பார். ஆகவே எழுதுதல் தவறுவதை நாம் வெறும் கோளாறாகக் கருதவில்லை. அது அமானிதம் தொடர்பானது.

அந்தக் கணினி இருமுறை அசையாமல் நின்றது. உள்ளிருக்கும் லினக்ஸின் பதிவில் ஒரு வரியும் இல்லை. வட்டில் பாதிக்குமேல் இடம் இருப்பதாகவே அது காட்டியது.

நாம் பயன்படுத்துவது கியூஎமு. 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார் வெளியிட்ட மென்பொருள். அதன் வட்டுக்கோப்பு எழுத எழுத வளர்வது. உள்ளே நூறு ஜிபி தெரிந்தாலும், வெளியே மெய்யான வட்டு நிரம்பிவிட்டால் எழுத இயலாது. அப்போது லினக்ஸ் 28 என்னும் பிழையெண்ணைத் தரும். அதைக் கண்டதும் கியூஎமு இயல்பாகவே கணினியை நிறுத்திவைக்கும். இடம் கிடைத்தபின் தொடரச் செய்தால் அதே எழுத்தை மீண்டும் முயலும். உள்வட்டு பழுதாகாமல் காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் காரணம் உள்ளிருப்பவருக்குத் தெரியாது.

எனவே மூலநிரலில் ஒரு டிரேஸ் வரி சேர்த்தோம். டிரேஸ் நிகழ்வுகளின் கோப்பில் ஓர் அறிவிப்பு, பிழை முடிவாகும் இடத்தில் ஓர் அழைப்பு, அவ்வளவே. எந்த வட்டு, எந்த இடம், எத்தனை பைட், என்ன பிழையெண் என்று அது சொல்லும். அணைத்திருக்கும்போது சுமை ஏறக்குறைய இல்லை. ஓடும் கணினியை நிறுத்தாமலே இயக்கவும் முடியும். எழுதப்படவிருந்த தரவையும் பதிந்தால் துப்பறிய எளிது என்றார் ஒரு சகோதரர். நாம் உடன்படவில்லை. கடன் பெற்றவரின் பெயர் பிழைப்பதிவில் கிடக்கலாகாது.

தற்காலிக நினைவிலிருந்து வட்டுக்குத் தள்ளும் கட்டத்திலும் கவனம் வேண்டும். எழுத்து ஏற்கப்பட்டதாகச் சொல்லப்பட்டபின் அங்கேதான் பிழை வெளிப்படலாம். ஒருமுறை பிழை சொன்ன லினக்ஸ், அடுத்தமுறை அதே தரவுக்கு வெற்றி என்று சொல்லக்கூடும் என்பது 2018இல் போஸ்ட்கிரெஸ் குழுவினரைத் திகைக்கவைத்தது. எனவே அந்த டிரேஸையும் இயக்கினோம்.

மூன்றாம் முறை நின்றபோது வரி வந்தது: 28. அதே சேவையகத்தின் வேறொரு கணினியின் கோப்பு வளர்ந்து வட்டை அடைத்திருந்தது. இடம் ஒதுக்கித் தொடரச் செய்தோம். அன்றைய 11 ரசீதுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம், அனைத்தும் ஏறியிருந்தன. அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது டிரேஸ் இன்றுவரை எதையும் எழுதவில்லை.