வெள்ளம் சூழ்ந்த வீடு

ஓவியம் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. நான் ஓதிய மதரஸாவில் படம் என்றாலே முகத்தைத் திருப்பிக் கொள்வோம். ஆசிரியனான பின், நஹ்வுப் பாட ஏட்டின் ஓரத்தில் ஆற்றங்கரை ஒன்றை வரைந்திருந்த மாணவனின் ஏட்டை வகுப்பார் முன்னிலையில் கிழித்தெறிந்தேன். மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையலாம் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் ஓவியருக்குச் சொன்னதை நானே ஓதிக் கொடுத்திருக்கிறேன். அன்று கோபம்தான் முந்திக் கொண்டது.

அம்மாணவர் இப்போது குடும்பஸ்தர். சென்ற மாதம் ஸலாம் சொல்லி வந்தவர், படப் புத்தகமொன்றை என் மேசைமீது விரித்தார். ஆல்பிரட் சிஸ்லே தீட்டிய ‘போர்-மார்லியில் வெள்ளம்’.

1876ஆம் ஆண்டு வசந்த காலத்தில், பாரிசுக்கு மேற்கே ஸேன் நதி கரைபுரண்டது. அருகில் குடியிருந்த சிஸ்லே அதைப் பலமுறை தீட்டினார். இடப்புறம் மாடி வீடொன்று நீரில் நிற்கிறது. அருகே படகுகள், வண்ணம் தொட்டு வைத்தாற்போல் சில மனிதர். வலப்புறம் வரிசை மரங்கள். தெரு எங்கே ஓடிற்று என்பதை இப்போது அவைதாம் சொல்கின்றன. வெள்ளம் என்றதும் நாம் எதிர்பார்க்கும் ஓலமோ ஓட்டமோ இல்லை. நீர் வந்துவிட்டது; வானத்தை ஏந்தியபடி கிடக்கிறது. கண்ணருகே வைத்தால் வெறும் தீற்றல்கள். சற்று விலக்கினால் அதுவே நீர். அவ்வீடு மதுக்கடை என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அரபியில் ‘ரஸ்ம்’ என்பது வரைதலுக்குப் பெயர். பண்டை அரபுக் கவிகளிடத்திலோ, அது பிரிந்து சென்றோரின் குடியிருப்பில் எஞ்சிய சுவடு. எத்தனையோ முறை பாடம் நடத்திய சொல்தான். இரு பொருளும் ஒரே சொல்லில் ஏன் தங்கின என்பது அம்மரவரிசையைக் கண்ட பிறகே விளங்கிற்று.

சிஸ்லேயின் தந்தை வணிகர். 1870ஆம் ஆண்டுப் போரை ஒட்டிச் செல்வத்தை இழந்தார். அதன்பின் ஓவியம் விற்றே பிழைத்த மகனை வறுமை விடவில்லை. 1899 ஜனவரியில் அவர் மறைந்தார். மறு ஆண்டே இந்த ஓவியம் 43,000 பிராங்குக்கு ஏலம் போயிற்று! இன்று அது பாரிசின் ஓர்ஸே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

“தம்பி, இப்போதும் வரைவதுண்டா?” என்று கேட்டேன்.

“இல்லை ஹஜ்ரத். அன்றோடு விட்டுவிட்டேன்” என்றார். குறை கூறும் குரலன்று அது.

புத்தகம் இரண்டு நாள் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கி வைத்தேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.