வலைக்கண்

மாத்தளை மாவட்டத்தில் அம்பன் கங்கையை மறித்து நிற்கும் போவதென்ன நீர்த்தேக்கத்தின் கரையில் தந்தையும் மகனும் வலை தெரிந்துகொண்டிருந்தனர். வாரம் முழுதும் வலை வெறுமையாகவே வந்தமையால் மகன் சிறுகண் வலையொன்றை நாடினான்.

"பெரிய மீன் வராவிட்டால் சின்னதையாவது பிடிப்போமே, அப்பா."

வீட்டிலே கடன் இருந்தது. அவன் வாதத்தில் நியாயமும் இருந்தது.

செவுள் வலை மீனைத் தேடிச் செல்வதன்று. மீனே வந்து தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்கிறது. சிறியது நழுவிவிடும், மிகப் பெரியது நுழையாது. எனவே எம்மீன் வாழும், எம்மீன் மடியும் என்பதை, வலை நீரில் இறங்குமுன்னரே அதன் கண் தீர்மானித்துவிடுகிறது. இலங்கையின் உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள் வலை தடைசெய்யப்பட்டதும் இதனாலேயே.

1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியா, முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயிலேயே வைத்துக் காப்பது. ஒருமுறையேனும் குஞ்சுகளை வளர்த்துவிட்டபின் அது பிடிபடின் இனம் குன்றாது. முன்னரே பிடிபடின் மறு ஆண்டு வலைக்கு மீனில்லை.

"நாளைக்கும் இங்கேதானே வரவேண்டும், தம்பி" என்றார் தந்தை.

மகன் சிறுகண் வலையை மடித்து வைத்தான். விடியலில் மூன்று மீன்களே கிடைத்தன. கடன் தீரவில்லை, நீர்த்தேக்கத்தில் மீனும் தீரவில்லை.