கோடையும் போர்ஷனும்

1929ல் வெளிவந்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் 'பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்' மாணவர்கள் எழுதித் தந்த தாள்களின் மேல் எழும்பிய விமர்சன நூல். கேம்பிரிட்ஜில் கவிஞன் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதி வரச் சொன்னார். டன்னும் ஹாப்கின்ஸும் பலரிடம் உதை வாங்கினார்கள். ரிச்சர்ட்ஸின் கவலை தவறான தீர்ப்புகளோடு நிற்கவில்லை. கவிதையை எதிர்கொள்ளாமலே, முன்கூட்டித் தயாராக இருக்கும் உணர்ச்சியை எடுத்து நீட்டுகிற பழக்கத்தையும் அவர் ஒரு வியாதியாகக் கண்டார். (பி.ஏ.யில் எங்களுக்கு இது ஐந்து மார்க் ஷார்ட் நோட்ஸாக வந்து சேர்ந்தது.)

கேம்பிரிட்ஜ் மாணவன் அந்த உணர்ச்சியைத் தானேதான் தயாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கோவை டவுன்ஹால் பக்கம் அது கைடாக அச்சாகி விற்கிறது.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் ஓட்டியது ஊரறிந்த விஷயம். அதைத் தடுக்க 2017-18ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26லிருந்து அதுவும் கைவிடப்பட்டது. இந்த இழுபறியில் யாரும் கணக்கில் எடுக்காமல் பறிபோனது கோடை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இறுதி வருஷ ஆங்கில மாணவர்களிடம் விடுமுறையில் ஓரிரு நாவல்களைக் கொடுத்து, படிக்கப் படிக்கத் தோன்றுவதை நோட்டில் எழுதி வரச் சொல்கிறார்கள். அங்கும் இன்டர்நெட்டிலிருந்து சுருக்கத்தைக் காப்பியடிக்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் கேள்வியாவது கேட்கப்படுகிறது. நம் பிள்ளைகளுக்குக் கோடை என்றால் போர்ஷன்.

2019ல் வந்த பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகம் மோசமான தேர்வல்ல. டால்ஸ்டாய் இருக்கிறார், ஆர்வெல் இருக்கிறார். கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் கி.ரா.வை ஆங்கில கைடு வழியாக மனப்பாடம் செய்யும் விநோதத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ரே பிராட்பரி 1954ல் எழுதிய 'ஆல் சம்மர் இன் எ டே'யும் உண்டு. வெள்ளி கிரகத்தில் ஓயாத மழை. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் சூரியன். பூமியிலிருந்து வந்த மார்கோ என்ற சிறுமிக்கு மட்டுமே வெயில் ஞாபகமிருக்கிறது. மற்ற பிள்ளைகள் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெயிலில் ஆடப் போய்விடுகிறார்கள். பரீட்சையில் இது 150 வார்த்தைப் பாரா. பொறாமை தீது என்று முடித்தால் ஆயிற்று.

என் அக்கா மகன் இப்படியொரு விடுதியில் படிக்கிறான். மே மாதம் கிடைத்த பத்து நாள் லீவில், கைடைத் தொடாமல் இந்தக் கதையைப் படித்து ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன்.

"எழுதினா மார்க் போடுவாங்களாங் மாமா?"

"போடமாட்டாங்க கண்ணு."

மூன்று நாள் கழித்துக் கொடுத்தான். தடுமாறுகிற ஆங்கிலம். சாரம் இது: பூட்டிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெயில் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் எரிச்சல் வரும். எங்கள் ரூமில் பாதியில் சேர்ந்த ஒருவன் தினமும் வீட்டைப் பற்றியே பேசுவான். நாங்கள் வீட்டை மறக்கப் பழகியிருந்தோம். அவனோடு ஒரு மாதம் யாரும் பேசவில்லை. பிறகு அவனும் பேசுவதை நிறுத்திவிட்டான்.

எந்தக் கைடிலும் இது இல்லை. பிராட்பரியைப் பற்றி எழுதும் விமர்சகர்கள்கூட மார்கோவின் பக்கமே சௌகரியமாக நின்றுகொள்வார்கள். இவன் பூட்டியவர்களின் வரிசையில் தன்னை நிறுத்திப் பார்த்திருக்கிறான். நம் சிறுபத்திரிகைகளுக்கு வரும் கட்டுரைகளில், ஒரு படைப்பால் தான் சங்கடப்பட்டதாக எழுதியவர் எத்தனை பேர்? 'இருத்தலின் அவஸ்தை', 'மொழியின் சாத்தியங்கள்' என்று நமக்கும் ஒரு கைடு ஓடிக்கொண்டுதானிருக்கிறது. விலை அச்சிடவில்லை, அவ்வளவே.

இங்கிலீஷைத் திருத்தித் தரும்படி கேட்டான். நாலு இடத்தில் வினைச்சொல்லின் காலத்தை மட்டும் மாற்றினேன். 'வீட்டை மறக்கப் பழகியிருந்தோம்' என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருந்தது. அதில் கை வைக்கவில்லை.